பின்னே வருகிறவனுக்கு

சென்ற மாதம் ஒரு முகூர்த்த நாளன்று காங்கேயத்தில் கலியாண வரவேற்பு. நாமும் நமது சகதர்மிணியும் மோட்டார் சைக்கிளில் போயிருந்தோம். சாப்பாடு பிரமாதம், ஆகையால் புறப்பட நேரமாகிவிட்டது. இரவு ஒன்பதரை மணி சுமாருக்குத் திருப்பூர்ச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். படியூரைத் தாண்டிச் சிறிது தூரம் வந்திருப்போம். எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தது. அது கடந்து போனதும் ஒரு கணம் உலகம் முழுவதும் கரி பூசியது போல் இருந்தது. அடுத்த கணம், நமக்கு வெகு சமீபத்தில், ஒரு கறுப்புச் சுவர் எழும்பி நின்றது.

சுவர் அன்று, டிராக்டரின் பின்னால் கோத்த டிரெய்லர். ஆளுயரத்துக்கு மேல் தேங்காய் மட்டை ஏற்றியிருந்தது. கயிறு தளர்ந்துவிட்டதென்று டிரைவர் வண்டியைப் பாதி தார்ச் சாலையிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்திவிட்டு, இறங்கிக் கயிற்றை இறுக்கிக் கொண்டிருந்தார். நாம் பிரேக்கை எப்படிப் பிடித்தோம் என்பது இன்னமும் நமக்கு விளங்கவில்லை. நின்ற பிறகு பார்த்தால், நமது முன் சக்கரத்துக்கும் அந்த வண்டியின் பின்பலகைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது.

"ஏனுங்கண்ணா, அடிகிடி படலீங்களே?" என்று டிரைவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"பின்னால் விளக்கு எங்கே தம்பி?" என்று கேட்டோம்.

"வெளக்கு இருக்குதுங்க. வயருதான் அந்து போச்சு. அதுக்குத்தான் செகப்புத் துணி கட்டியிருக்கறனுங்களே!"

வாஸ்தவம். மட்டைக் குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கழியின் நுனியில் துணி ஒன்று தொங்கியது. தொட்டுப் பார்த்தோம். நயமான பருத்தித் துணி. பனியன் வெட்டும்போது மிச்சமாகும் துண்டு. திருப்பூர்க்காரருக்கு அதை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தைத் துடைப்பதற்கும், கை துடைப்பதற்கும், பாரத்தின் பின்னால் கட்டுவதற்கும் நம் ஊரில் அதுதான்.

அப்போது நமது சகதர்மிணி மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதானே?"

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிப்பது நாம். ஆனால் அன்றைய பாடத்தை நடத்தியது அவர்தான். நிறம் என்பது துணியில் இல்லை. துணியின்மேல் விழுந்து திரும்பும் வெளிச்சத்தில் இருக்கிறது. வெளிச்சம் விழாத சிவப்புத் துணி, சிவப்பும் அன்று, எச்சரிக்கையும் அன்று. அது கட்டியவருடைய மனச் சமாதானம், அவ்வளவே.

நிற்க. மாட்டு வண்டிக் காலத்தில் நமது பெரியவர்கள் இதைவிடப் புத்திசாலிகளாக இருந்தார்கள். காங்கேயம் காளை பூட்டிய பார வண்டிகள் இரவெல்லாம் வரிசையாகச் சந்தைக்குப் போகும். வண்டிக்காரர் பாதி வழி உறக்கத்திலேயே போவார். ஆயினும் வண்டியின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஒரு லாந்தர் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த விளக்கினால் வண்டிக்காரருக்கு என்ன பிரயோஜனம்? மேலே உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் அது படவே படாது. மாட்டுக்கோ வழி மனப்பாடம். விளக்கு, மற்றவர்களுக்காக. இத்தனைக்கும் அக்காலத்தில் பின்னால் வந்தது இன்னொரு மாட்டு வண்டி; இடித்தாலும் கொம்பு தட்டுவதோடு சரி. இன்றைக்கோ பின்னால் வருவது, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளி.

நேயர்கள் அனுமதித்தால் இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கண் ஒன்றைக் கண்டு, மனம் அதை இன்னதென்று தெரிந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை விநாடி போய்விடும். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் நன்றாகப் பிடித்தாலும் முழுதும் நிற்க இன்னும் 25 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டர். தாழ்த்திய முன்விளக்கில், அழுக்கேறிய ஒரு பின்பலகை முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குப் படுவதில்லை. ஐம்பதில் நாற்பதைக் கழித்தால் பத்து. அந்தப் பத்து மீட்டரில்தான் குடும்பங்கள் அழிகின்றன. எரிகிற பின்விளக்கோ பல நூறு மீட்டர் முன்னதாகவே, "நான் இருக்கிறேன், நிதானம்" என்று சொல்லிவிடும்.

மத்திய அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் நடந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டவர் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் ஸ்தானம் நமது தமிழ் நாட்டுக்கு: 64,105. தேசம் முழுவதிலும் நடந்த விபத்துக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பின்னாலிருந்து மோதியவை. அத்தனைக்கும் விளக்கின்மைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கு என்று சொன்னால் இரவில் சாலையில் போகிற யாரும் மறுக்கமாட்டார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் டிராக்டர் ஒரு வண்டி, டிரெய்லர் வேறொரு வண்டி. டிரெய்லரையும் பதிவு செய்யவேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணை அதன் பின்னாலும் எழுதவேண்டும். 1989-ம் வருஷத்து விதிகள், இருட்டிய பிறகு பின்னால் சிவப்பு விளக்கு எரியவேண்டும் என்கின்றன. வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் பட்டை முன்னால் வெள்ளையாகவும், பக்கத்தில் மஞ்சளாகவும், பின்னால் சிவப்பாகவும் இருக்கவேண்டும் என்கின்றன. எல்லாம் இருக்கின்றன, அந்து போன கம்பியை முடிய ஆள்தான் இல்லை.

மறுநாள் அந்த டிரைவரிடம் விசாரித்து, வண்டியின் சொந்தக்காரரான தோட்டத்துக்காரருக்கு டெலிபோன் செய்தோம். மரியாதைப்பட்ட மனிதர். நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பின்னாடி வெளக்கு இல்லீன்னா வண்டி ஓடாம நின்னு போறதுங்களா வாத்தியாரே? ஓடுதுங்களே! அதுனால நெனப்பே வர்றதில்லீங்க" என்றார்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். முன்விளக்கு அணைந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைத் தேடுகிறோம். பின்விளக்கு அணைந்தால் நமக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் முகம் தெரியாத இன்னொருவனுக்கு.

"ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திருப்பூருக்கு அனுப்புங்கள், நம்மிடம் படித்த பையன் ஒருவன் மின்சார வேலை பார்க்கிறான்" என்றோம். அனுப்பினார்.

நமது பழைய மாணவனுடைய பட்டறை பல்லடம் சாலையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அங்கே நாம் ஒரு காலைப்பொழுது நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம். வீட்டில் டிரெய்லர் வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும். இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லலாம்.

டிராக்டரின் பின்புறத்தில் ஏழு துளையுள்ள சாக்கெட் ஒன்று உண்டு. டிரெய்லரிலிருந்து வரும் பிளக்கை அதில் சொருகவேண்டும். ஏழு எதற்கு? இடது, வலது இண்டிகேட்டர்களுக்கு இரண்டு, இடது, வலது பின்விளக்குகளுக்கு இரண்டு, பிரேக் விளக்குக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, மிச்சமுள்ள ஒன்று வேறு விளக்கு ஏதேனும் பிற்பாடு வைத்தால் அதற்கு. கம்பியின் நிறத்தைப் பார்த்து எது எதுவென்று தீர்மானிக்கக் கூடாதாம். ஒவ்வொரு பட்டறையிலும் கையில் அகப்பட்ட நிறத்தைப் போட்டிருப்பார்கள். சிறு சோதனை விளக்கை வைத்துப் பார்த்தே இணைக்கவேண்டும்.

"சார், நூத்துக்குத் தொண்ணூறு வண்டியில சீக்கு எர்த்துலதானுங்க" என்றான் மாணவன்.

மின்சாரம் பாட்டரியிலிருந்து பல்புக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பி வரவும் வழி வேண்டும். மோட்டார் வண்டியில் அந்தத் திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்பே. டிரெய்லரிலும் அப்படியே விட்டுவிடலாமென்று பலர் எர்த் கம்பி போடுவதில்லை. இரண்டு வண்டியையும் கோக்கும் கொக்கி இருக்கிறதே, இரும்பும் இரும்பும் தொடுகின்றனவே என்று எண்ணுகிறார்கள். அந்தக் கொக்கியிலோ துருவும் கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கின்றன. குழியில் ஏறி இறங்கும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கிறது. முழுதும் விட்டுப்போனால் வேடிக்கை அதிகம். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கண் சிமிட்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை உடைத்துப் பக்கத்துக் காட்டில் பாய்கிறதல்லவா? அது போல, போன மின்சாரம் திரும்ப வழி தெரியாமல் மற்றப் பல்புகளின் வழியாகப் புகுந்து போகிறது. ஆகையால் கொக்கியை நம்பாமல், எல்லாவற்றிலும் தடித்த கம்பி ஒன்றை எர்த்துக்கென்றே பிளக் வரையில் கொண்டுவரவேண்டும்.

இரண்டாவது சீக்கு, மெல்லிய கம்பி. இரண்டு பிரேக் பல்புகள், ஒவ்வொன்றும் 21 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அவை இழுக்கும் மின்சாரம் மூன்றரை ஆம்பியர். அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஆறு மீட்டர் போய் ஆறு மீட்டர் திரும்பினால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் சுமார் விரயமாகும். பன்னிரண்டில் ஒன்றரைதானே என்று எண்ண வேண்டாம். இழை பல்பின் குணம், வோல்ட் சிறிது குறைந்தால் வெளிச்சம் அதிகமாகக் குறையும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் இந்தக் கஞ்சத்தனத்திலேயே போய்விடுகிறது. இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகள் சொற்ப மின்சாரமே இழுப்பதால் அந்த நஷ்டம் குறைவு. குலுங்கினால் அறுந்து போக இழையும் இல்லை.

மூன்றாவது, கம்பி போகும் பாதை. அடியில் தொங்கினால் கல்லும் கரும்புத் தோகையும் பிடித்து இழுக்கும். இரும்புச் சட்டத்தின் உள்பக்கமாகக் குழாயில் விட்டுக் கட்டவேண்டும். கொக்கிக்கு அருகில், வண்டி திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும், தரையில் உரசாத அளவுக்கு இறுக்கமும் வேண்டும். வண்டியைக் கழற்றி வைக்கும்போது பிளக்கைப் புழுதியில் போடாமல், அதற்கென்று ஒரு வளையம் வைத்து மாட்டவேண்டும். நமது டிரைவரின் வயர் "அந்து போன" ரகசியம் இதுதான்: பிளக்கைக் கழற்ற மறந்து டிராக்டரை ஓட்டிவிட்டார்!

பட்டறையில் இன்னொரு மூலையில், பழுதான வேன் ஒன்று நின்றது. கம்பெனிக்குத் துணி உருளைகள் ஏற்றுகிற வேன். முந்தைய இரவு அதை மற்றொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்களாம். இழுபடும் வண்டிக்குப் பாட்டரி தீர்ந்திருந்தால் அதன் பின்விளக்குக்கு யார் உயிர் கொடுப்பது? முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பழுதான வண்டியே மறைத்துவிடுகிறது. அமெரிக்காவில், வீடு போலவே சமையலும் படுக்கையும் அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளில் ஜனங்கள் தேசாந்திரம் போகிறார்கள். ஊரில் சுற்றிப் பார்க்க ஒரு சிறு காரையும் பின்னால் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். அந்தக் காரின் விளக்குகள் முன் வண்டியின் உத்தரவுப்படி எரியவேண்டும். ஆனால் கம்பியோடு கம்பியை வெறுமனே முடிந்துவிட்டால், முன் வண்டியின் மின்சாரம் காரின் சொந்தச் சாதனங்களுக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடக்கூடும். அதைத் தடுக்க டையோடு என்ற சிறு சாதனத்தை நடுவே வைக்கிறார்கள். அது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும். கொங்கு நாட்டாருக்கு இதை விளக்குவது சுலபம்: கிணற்றுப் பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு. தண்ணீர் மேலே ஏறலாம். திரும்பி இறங்கக் கூடாது.

அத்தனை வேலை நமக்கு வேண்டாம் என்கிறவர்களுக்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நீண்ட காலமாகக் கையாளுவது. ஒரு பலகை, அதில் இரண்டு பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நீளமான கம்பி, நுனியில் பிளக். பலகையை இழுபடும் வண்டியின் பின்னால் கட்டி, பிளக்கை முன் வண்டியில் சொருகினால் தீர்ந்தது. இப்படி ஒரு பலகையை ஒவ்வொரு பட்டறையிலும் ஆணியில் மாட்டி வைத்திருந்தால், எத்தனையோ இரவுகள் விபத்தில்லாமல் விடியும்.

பிரதிபலிக்கும் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர், வருகிற வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பும் கண்ணாடிக் குண்டுகளைச் சாலையில் பதித்து, 1934-ல் அதற்குப் பேடண்டு பெற்றார். "பூனைக்கண்" என்று அதற்குப் பெயர். வண்டியில் ஒட்டும் பட்டையும் அதே தத்துவந்தான். கம்பி வேண்டாம், பாட்டரி வேண்டாம். ஆனால் சேறு படிந்தால் குருடு; பின்னால் வருகிறவனுடைய விளக்கு மங்கலானால் இதுவும் மங்கல். ஆகையால் பட்டை, விளக்குக்குத் துணை. விளக்குக்குப் பதில் அன்று. வாரம் ஒரு முறை அதைத் துடைப்பதற்கு நமது பனியன் துணி மெத்தச் சிலாக்கியம்.

மத்தியான வேளைக்கு வேலை முடிந்தது. டிரைவர் மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, மாணவன் பின்னால் நின்றுகொண்டு, "எரியுது... எரியுது... பிரேக் அமுத்துங்கண்ணா... எரியுது" என்று சொல்லிக்கொண்டு வந்தான். தோட்டத்துக்காரர் கொடுத்தனுப்பிய பணத்தில் சாமான்களின் கிரயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை டிரைவர் கையிலேயே கொடுத்தான்.

"கூலி?" என்றோம்.

"பின் லைட்டுக்கு நான் கூலி வாங்கறதில்லீங்க சார்."

அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது. அவன் நம்மிடம் பன்னிரண்டாவது வகுப்பில் படித்தபோது இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாமும் வருகைப் பதிவேட்டில் பதினான்கு நாள் சிவப்பு மையால் குறித்தோம். அவனுடைய தகப்பனார் சாயப்பட்டறையில் இரவு வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, பழுதாகி நின்ற ஒரு பார வண்டியின் பின்னால் மோதி இறந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அதன்பின் அவன் கல்லூரிக்குப் போகவில்லை. ஓமின் விதியை அவனுக்கு நாம்தான் போதித்தோம். பரீட்சையில் இரண்டு மார்க்குக் கேள்வி. அது எங்கே, யாருக்கு உதவும் என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன்தான் நமக்குச் சொல்லவேண்டியிருந்தது.

டிரெய்லர் சந்திலிருந்து வெளியேறிற்று. பகல் வெளிச்சத்திலும் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தன. டிரைவர் அணைக்க மறந்துவிட்டார். மறக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாமும் விடைபெற்றுக்கொண்டு நமது மோட்டார் சைக்கிளைக் கிளப்பினோம். காங்கேயம் சாலை நிகழ்ச்சியைப் பற்றி ஊரெல்லாம் பேசி, தோட்டத்துக்காரருக்கு உபதேசம் செய்து, ஒரு நல்ல காரியம் முடித்த திருப்தியோடு கியரைப் போட்டோம்.

"சார், ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "லைட்டைப் போடுங்க... பிரேக்கைப் புடிங்க."

செய்தோம்.

"உங்க பின் லைட் எரியலீங்க சார்."

எத்தனை நாளாக எரியவில்லையோ, யாருக்குத் தெரியும்! இறங்கி ஓரமாக நின்றோம். அவன் குனிந்து பல்பைக் கழற்றிக் கொண்டிருந்தான்.